கூலி: ஆள் உதிர்ந்த சொல்

ஆங்கிலத்துக்குத் தமிழ் வழங்கிய சொற்கள் இவை இவை எனப் பட்டியலிட்டுப் பெருமிதம் கொள்வது தமிழ் விழா மேடைகளிலும் மலர்களிலும் நெடுநாளாக நிலவிவரும் வழக்கம். கறி, சுருட்டு, கட்டுமரம், மிளகுதண்ணீர் எனத் தொடங்கும் அப்பட்டியலில் கூலி என்னும் சொல்லும் தவறாமல் இடம் பெறும். சொல்வோர் மகிழ்வர்; கேட்போர் கைதட்டுவர். அத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிடும்.

ஆயினும் இப்பட்டியலைச் சற்று நின்று நோக்குவார்க்கு ஒன்று புலனாகும். பண்டங்களைக் குறிக்கச் சென்ற தமிழ்ச் சொற்கள் கடல் கடந்த பின்னரும் பெரிதும் கெடாமல் நின்றன. சுருட்டு அங்கும் சுருட்டே. கட்டுமரம் இன்று இரட்டையுடல் கொண்ட விரைவுக் கப்பலைக் குறிப்பினும் கலம் என்னும் பொருளை விட்டு விலகவில்லை. மக்களைக் குறிக்குமாறு ஆங்கிலத்தில் குடியேறிய சொற்களுள் யாவரும் அறிந்தவை இரண்டு: பறையர் என்பது ஒன்று, கூலி என்பது மற்றொன்று. இரண்டும் வசைச்சொற்களாயின. முன்னது ஒதுக்கப்பட்டவன் என்னும் பொருளில் உலகெங்கும் வழங்குகின்றது. பின்னது கரிபியன் தீவுகளிலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்திய வழியினரை இழித்துரைக்கும் சொல்லாக நின்றுவிட்டது. இதனைப் பெருமைப் பட்டியலில் சேர்ப்பதற்கு முன், அது எவ்வாறு சென்றது, எவ்வாறு திரும்பி வந்தது என ஆராய்தல் தமிழாசிரியர் கடமையாகும். மலாயாத் தமிழர்க்கு அது பிறர் கதையும் அன்று.

தமிழில் கூலி என்பது ஆளன்று, ஊதியம். உழைப்புக்கு ஈடாகக் கைக்கு வருவது எதுவோ அது கூலி. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தின் 619ஆம் குறளில் இச்சொல் வருகின்றது. ஊழ் துணை செய்யாதபோதும், முயற்சியானது உடல் வருந்திய அளவுக்கு உரியதைத் தந்தே தீரும் என்பது அதன் கருத்து. அங்கே கூலி என்பது மிக உயர்ந்த இடத்தில் நிற்கின்றது. தெய்வத்தாலும் தடுக்கவொண்ணாத உரிமையாக நிற்கின்றது எனலாம். திருவிளையாடற் புராணத்தில் மண் சுமந்த படலத்தை அறியாத தமிழர் இலர். வைகைக் கரையை அடைக்க வந்திக் கிழவியின் பங்குக்குச் சிவபெருமான் ஆளாக வந்தார். உதிர்ந்த பிட்டே அவர் பெற்ற கூலி. அங்கும் பிட்டுத்தான் கூலி, பெருமான் கூலியாள். பாரதியாரின் ‘கண்ணன் – என் சேவகன்’ என்னும் பாட்டின் தொடக்கச் சொல்லே கூலிதான். அதுவும் வேலையாட்கள் கேட்கும் ஊதியத்தையே குறிக்கின்றது.

நாள்தோறும் வழங்கும் பேச்சும் இதற்குச் சான்று பகரும். வண்டிக்கூலி, படகுக்கூலி, தையற்கூலி, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எனப் பல உண்டு. நகைக்கடைக்காரர் விளம்பரந்தோறும் செய்கூலி, சேதாரம் என்கின்றனர். இவற்றுள் எதுவும் மனிதரைச் சுட்டவில்லை. மனிதரைச் சுட்ட வேண்டிய இடத்தில் தமிழ் மற்றொரு சொல்லைச் சேர்த்துக் கொண்டது: கூலியாள், கூலிக்காரன், கூலிப்படை. மலையாளம், கன்னடம், தெலுங்கு ஆகிய மொழிகளிலும் கூலி உண்டு. பரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதி இவற்றை ஓரினமாகத் தொகுத்துள்ளது. சிங்களவரும் வாடகையைக் ‘குலிய’ என்பர்.

கூலிக்கு வேர் யாது என்னும் வினாவுக்குத் தேவநேயப் பாவாணர் வழி வந்தோர் கூலம் என்பதைக் காட்டுவர். கூலம் தானியம், களத்துமேட்டில் தானியமாக அளந்து கொடுத்தது கூலி. இக்கருத்து ஏற்கத்தக்கதாகவே தோன்றுகின்றது. பணம் பெருகுமுன் உழவர் நாட்டில் ஊதியம் நெல்லாகத்தானே கிடைத்திருக்கும்! ஆனால் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்து சம்பளம் ஆயிற்று என்பதை அவ்வளவு எளிதில் ஒப்ப இயலாது. வழியுணவு என்னும் பொருளில் வடமொழியில் உள்ள சொல்லோடு அதனைத் தொடர்புபடுத்துவாரும் உளர். இலத்தீனில் உப்பின் பெயரடியாகப் பிறந்த சொல்லே ஆங்கிலத்தில் ‘சாலரி’ ஆயிற்று என்பதைக் கேட்டுத் தமிழிலும் ஓர் உப்பைத் தேடும் ஆவல் இதில் கலந்திருக்கக்கூடும்.

இனி ஆங்கில அகராதிகளின் பக்கம் வருவோம். கூலி என்னும் ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றி அறிஞரிடையே ஒருமைப்பாடு இல்லை. யூல், பர்னெல் ஆகிய இருவர் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம், குசராத்து, கொங்கணக் கரைகளில் வாழும் கோலி என்னும் இனத்தாரின் பெயரே இதற்கு மூலம் என்னும் பக்கம் சாய்கின்றது. தமிழ்க் கூலியையும் அது குறிப்பிடத் தவறவில்லை. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். நூல் வெளிவருமுன் 1882இலேயே மறைந்துவிட்டார். கூலி என்னும் தமிழ்ச் சொல் அவர் காதில் நாள்தோறும் விழுந்திருக்கும். அடிமை என்று பொருள்படும் ‘குல்’ என்னும் துருக்கிச் சொல்லை எடுத்துக்காட்டுவோரும் உளர்.

கோலியிலிருந்து கூலி வந்ததாயின் இரு மாற்றங்கள் வேண்டும்: ஓகாரம் ஊகாரமாதல் வேண்டும், இனத்தின் பெயர் எல்லா வேலையாட்கட்கும் பொதுப்பெயராதல் வேண்டும். தமிழ்க் கூலியிலிருந்து வருவதற்கோ ஒலிமாற்றம் சிறிதும் வேண்டா. பொருள் மட்டும் ஊதியத்திலிருந்து ஊதியம் பெறுபவனுக்கு ஒரு படி நகர்ந்தால் போதும். ஆதலால் தமிழின் கட்சி வலிதாகவே தோன்றுகின்றது. எனினும் கோலிக் கட்சியை நகைத்துத் தள்ளுதல் கூடாது. இனப்பெயர் பொதுப்பெயராவது உலகில் இல்லாத புதுமையன்று. ஐரோப்பாவில் அடிமைகளாகப் பிடிக்கப்பட்ட ஸ்லாவ் மக்களின் பெயரே ஆங்கிலத்தில் அடிமையைக் குறிக்கும் ‘ஸ்லேவ்’ என்னும் சொல்லாயிற்று. மேலும் 16ஆம் நூற்றாண்டுப் போர்த்துகீசியர் மேற்குக் கரையில் கோலியரைக் கண்டு எழுதிய குறிப்புகள் உள்ளன. 17ஆம் நூற்றாண்டில் சென்னைக் கோட்டையில் ஆங்கிலக் கும்பினியார் வேலையாட்களை இப்பெயரால் எழுதத் தொடங்கியபோது, மேற்கிலிருந்து கப்பலேறி வந்த சொல்லும் அங்கே மண் சுமந்தவர் வாயிலிருந்த சொல்லும் ஒன்றோடொன்று கலந்திருத்தல் கூடும். இரண்டு ஆறுகள் கூடும் கழிமுகத்தில் நின்றுகொண்டு இத்துளி எந்த ஆற்றின் நீர் என்று வாதிடுவதனால் பயனில்லை. கலந்தபின் அச்சொல்லை நிலைநிறுத்தியதில் தமிழின் பங்கு பெரிது என்ற அளவில் அமைதலே நேர்மை.

ஈப்போவிலும் கிந்தாப் பள்ளத்தாக்கிலும் வேறொரு கருத்தும் உலவுவதுண்டு. கூலி சீனச் சொல் என்பர். சீன எழுத்தில் இதனைக் ‘கூ’, ‘லி’ என இரண்டு எழுத்துகளால் எழுதுவர். முன்னதற்குக் கசப்பு அல்லது துன்பம், பின்னதற்கு வலிமை என்று பொருள். துன்புறும் உழைப்பு! ஈயச் சுரங்கத்தில் இடுப்பளவு சேற்றில் நின்றவனுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் ஏது? ஆயினும் இது வந்த சொல்லுக்குப் பின்னர்ப் பொருத்திய எழுத்தேயன்றி மூலமன்று. அயற்சொல்லை ஒலியாலும் பொருளாலும் ஒருங்கே தம்மதாக்கிக்கொள்ளும் சீனரின் திறத்துக்கு அது நல்லதோர் எடுத்துக்காட்டு.

பிறப்பைவிடச் சிந்திக்கத்தக்கது பொருள் திரிந்த வகையாகும். தமிழர் கூலியாள் என்றனர். ஆங்கிலம் கூலியை எடுத்துக்கொண்டு ஆளை உதிர்த்துவிட்டது. உழைப்பவனிடம் எஞ்சியது அவனுக்குக் கொடுக்கும் காசு மட்டுமே என்பதுபோல் அச்சொல் அமைந்துவிட்டது. இலக்கண நூலார் இதனை ஆகுபெயர் என்பர். ஆகுபெயரில் இழிவில்லை. தமிழிலேயே கைக்கூலி என்னும் சொல் முதலில் இலஞ்சத்தைக் குறித்தது. தமிழ் முஸ்லிம்களிடையே மணமகனுக்குக் கொடுக்கும் பணத்தையும் குறிக்கும். இன்றோ பகைவனிடம் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்யும் ஆளையே குறிக்கின்றது. ஆதலின் காசின் பெயரால் ஆளை அழைக்கும் பழக்கத்தை வெள்ளையர் மட்டுமே செய்த கொடுமை என்று சொல்லித் தப்ப இயலாது.

ஆங்கிலத்திலேயே இதற்கு இணையானவை உண்டு. போர்வீரனைக் குறிக்கும் ‘சோல்ஜர்’ என்னும் சொல், ‘சாலிடஸ்’ என்னும் உரோமானியப் பொற்காசின் பெயரிலிருந்து வந்தது. காசுக்குப் பணிபுரிபவன் என்பதே அதன் அடிப்பொருள். கூலிப்படையாளைக் குறிக்கும் ‘மெர்சினரி’யும் இலத்தீனில் கூலி என்று பொருள்படும் சொல்லடியாகப் பிறந்ததே. மூன்று சொற்களும் நடந்த பாதை ஒன்றே. ஆயினும் சோல்ஜருக்கு நாட்டுக்கு நாடு நினைவுத்தூண் எழுந்தது, மெர்சினரி ஐயத்துக்குரியவனானான், கூலி இழிந்தவனானான். பாதை ஒன்றாயிருக்க முடிவு வேறானதற்குக் காரணம் சொல்லில் இல்லை. யார் யாரை, எந்த உயரத்தில் நின்று அழைத்தார் என்பதில் உள்ளது.

அவ்வுயரம் உண்டான வரலாறு சுருக்கமாகச் சொல்லத்தக்கது. பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளில் 1834இல் அடிமை முறை ஒழியத் தொடங்கியதும் கரும்புத் தோட்டங்கட்கு மாற்றுக் கைகள் வேண்டியிருந்தன. அவ்வாண்டிலேயே மொரிசியசுக்கும், 1838இல் பிரிட்டிஷ் கயானாவுக்கும், 1845இல் டிரினிடாடுக்கும் இந்தியர் ஒப்பந்தத்தின்பேரில் அனுப்பப்பட்டனர். 1860இல் ‘டுரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்தே நேட்டாலுக்கு முதல் தொகுதியினரை ஏற்றிச் சென்றது. அக்கப்பல்களில் சென்றவர் எம்மொழியினராயினும், எச்சாதியினராயினும், கரையில் இறங்கியபோது அனைவர்க்கும் பெயர் ஒன்றே. 1893இல் தென்னாப்பிரிக்கா சென்ற காந்தியடிகளைக் ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். இந்திய வணிகர் ‘கூலி வணிகர்’ ஆயினர். இங்கே ஊதியம் என்னும் பொருள் அடியோடு மறைந்தது. பாரிஸ்டருக்கும் வணிகருக்கும் நாட்கூலி ஏது? சொல் தொழிலைவிட்டு இனத்தைப் பற்றிக்கொண்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. இந்தியரை அங்கே ‘சாமி’ என்றும் ஏளனமாக அழைத்தனராம். தமிழர் பெயர்களின் ஈற்றிலிருந்து பிய்த்தெடுத்த அச்சொல்லுக்குத் தலைவன் என்று பொருள் எனச் சுட்டிக்காட்டிய இந்தியரும் இருந்ததாகக் காந்தியடிகளின் தன்வரலாறு கூறுகின்றது. கூலியைப் பற்றி அவ்வாறு சொல்லித் தேற்றிக்கொள்ள அவர்கட்கு வழியில்லாமற் போயிற்று.

பேராக்கில் தமிழர் முதலில் பெருந்தொகையாகக் கண்டவை கிரியான் வட்டாரக் கரும்புத் தோட்டங்கள். 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகள் பின்னர் அந்நாட்டின் முகத்தையே மாற்றின. ஒப்பந்தத்தின்பேரில் வந்தவர்களை இங்குள்ளோர் சஞ்சிக்கூலி என்றனர். இச்சொல்லைத் தமிழாசிரியர்கள் மாணவர்க்கு எடுத்துக்காட்ட வேண்டும். ‘ஜஞ்சி’ மலாய்ச் சொல். வாக்குறுதி, உடன்படிக்கை என்று பொருள். அதனோடு தமிழ்க் கூலி சேர்ந்தது. ஆனால் அக்கூட்டுச் சொல்லில் கூலி ஊதியம் அன்று, ஆளே. அதாவது, தமிழிலிருந்து புறப்பட்டு ஆங்கிலத்தில் ஆளை இழந்த சொல், மலாய்ச் சொல்லைத் துணைக்கழைத்துக்கொண்டு தமிழர் வாய்க்கே திரும்பி வந்துவிட்டது. 1910இல் மலாயாவில் ஒப்பந்த முறை ஒழிக்கப்பட்டது. கங்காணி வழி ஆள் சேர்ப்பு 1938இல் இந்திய அரசு தடை செய்யும்வரை நீடித்தது. முறைகள் மாறின, பெயர் மாறவில்லை. துரை, கிராணி, தண்டல் என மேலே இருந்த அனைவர்க்கும் பதவிப்பெயர் இருந்தது. பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்றவர்க்கு மட்டும் சம்பளத்தின் பெயரே பெயராயிற்று. அவர்கள் குடியிருந்த வரிசை வீடுகட்கும் ஆங்கிலத்தில் ‘கூலி லைன்’ என்று பெயர். அந்த லைனே தோட்டத்தமிழில் லயம் ஆயிற்று. குதிரை கட்டும் லாயத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. சொல்லாராய்ச்சியில் அது பொருந்தாது. வீடுகளைப் பார்த்தவர்க்குப் பொருந்துவதாகத் தோன்றியிருக்கலாம்.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் எழுந்த வேலைநிறுத்தத்தை இச்சொல்லின் வரலாற்றில் ஒரு திருப்பமாகக் கொள்ளலாம். தொழிலாளர் கூலி உயர்வு கேட்டனர். அதனோடு துரையையோ தோட்ட அலுவலரையோ கண்டதும் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்றும் கேட்டனர். முன்னது கூலிக்கான கோரிக்கை. பின்னது ஆளுக்கான கோரிக்கை. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் அமைந்தபோது தோட்டத்தில் உழைப்பவர்க்குப் பெயரே வேறாயிற்று. தொழிலாளி என்னும் சொல்லில் ஆளி என்பது விகுதி. தொழிலை உடையவர், ஆள்பவர் என்று பொருள்படும். முதலாளி என்பதிலும் அதே விகுதிதான் உள்ளது. தொழிலாளியையும் முதலாளியையும் இலக்கணம் ஒரே பலகையில் அமர்த்திவிட்டது! ஆங்கிலம் உதிர்த்த ஆளைத் தொழிற்சங்கத் தமிழ் மீண்டும் ஒட்டவைத்தது எனலாம். 1960இல் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் பால்வெட்டுவோரே சிறுகச் சிறுகப் பணம் சேர்த்துப் பங்கு வாங்கினர். ‘பங்குதாரர்’ என்னும் மற்றொரு பெயரும் அவர்கட்குக் கிடைத்தது.

இச்சொல்லை எழுத்தாளரும் கையாண்டுள்ளனர். முல்க்ராஜ் ஆனந்தின் ‘கூலி’ 1936இல் வந்தது. மொரிசியசுக் கவிஞர் கால் தொராபுல்லி இச்சொல்லிலிருந்தே ‘கூலித்தியூட்’ என்றொரு கருத்தை உருவாக்கி, கப்பலேறியவர் வழித்தோன்றல்கள் அப்பெயரை நாணாமல் எடுத்தாளலாம் என்றார். அதே தீவில் ‘கூலி காட்’ எனப்பட்ட இறங்குதுறை, ‘ஆப்ரவாசி காட்’ என்னும் புதுப்பெயருடன் 2006இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. கவிஞர் பழைய பெயரை ஏந்தினார், அரசு மாற்றியது. இந்திய ரயில்வேயும் 2016இல் நிலையச் சுமைதூக்குவோர்க்குச் ‘சகாயக்’ என்னும் பெயரை அறிவித்தது. சென்னைத் திரையுலகமோ 2025இல் ‘கூலி’ என்னும் பெயரில் ரஜினிகாந்த் படமொன்றை வெளியிட்டது. அங்கே அச்சொல் வீரப்பட்டமாகிவிட்டது.

மலேசியத் தமிழரிடையே இரு கட்சியினர் உளர். கூலி தமிழன் உலகுக்குத் தந்த சொல் என்று மார்தட்டுவார் ஒரு சாரார். அச்சொல்லே பாடநூலிலும் இலக்கியத்திலும் தலைகாட்டக்கூடாது என்பார் மற்றொரு சாரார். முன்னவர் சொல்லின் முகவரியை மட்டும் பார்த்தனர். கடிதத்தைப் பிரித்துப் படிக்கவில்லை. பின்னவர் ஆங்கிலேயர் கொடுத்த பொருளையே மெய்ப்பொருளாக ஏற்றுக்கொண்டனர். இழித்தவன் சொன்ன பொருளுக்காகக் குறளிலுள்ள சொல்லை விலக்குவது, திருடன் தொட்டுவிட்டான் என்று வீட்டுப் பாத்திரத்தைத் தெருவில் எறிவது போன்றது. இவ்விரு சாராரின் வீடுகளிலும், செம்பனைத் தோட்டத்துக்கு இன்று வேலைக்கு வரும் வங்காளதேசத்தவரைப் ‘பங்களா’ என்று நாட்டின் பெயரையே வசையாக்கி விளிக்கும் குரல் கேட்பதுண்டு. கூலி பாரிஸ்டர் என்றவர்கள் செய்ததும் அதுவேயன்றோ?

வகுப்பறையில் நேரும் இடர்ப்பாடு வேறு வகையது. பேராக்கில் தமிழ்ப்பள்ளி மாணவன் இச்சொல்லை மூன்று மொழிகளில் சந்திக்கின்றான். மலாய்ப் பாடத்தில் ‘கூலி’ உடலுழைப்பாளன். ஊதியத்துக்கு அங்கே ‘ஊப்பா’ என்று வேறு சொல் உண்டு. ஆங்கில வரலாற்று நூலிலும் கூலி ஆளே. அப்பொருள்களை மனத்தில் ஏற்றிக்கொண்டு அவன் 619ஆம் குறளுக்கு வந்தால், முயற்சி ஏதோ ஒரு வேலையாளைத் தருவதாக எண்ணி மயங்குவான். ஆகவே குறளைத் தொடங்குமுன் ஆசிரியர் செய்கூலி, வண்டிக்கூலி ஆகியவற்றைக் கரும்பலகையில் எழுதிப் பொருளை நிலைநாட்டிவிடுதல் நன்று. கூலிக்கும் சம்பளத்துக்கும் உள்ள வேறுபாட்டையும் அவ்விடத்திலேயே காட்டலாம். கூலி பெரிதும் நாளுக்கோ வேலையளவுக்கோ கிடைப்பது; சம்பளம் மாதத்துக்கு. தோட்டத் தொழிலாளர் நாட்கூலி போய் மாதச் சம்பளம் வேண்டும் என்று நெடுங்காலம் போராடியதும், 2013 சனவரியில் தீபகற்ப மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 900 வெள்ளி எனச் சட்டமானதும் இவ்விரு சொற்களின் இடைவெளிக்குள் அடங்கும்.

மொழிபெயர்ப்பில்தான் கை நடுங்கும். தோட்ட வரலாற்றைக் கூறும் பழைய ஆங்கில ஆவணத்தைத் தமிழாக்கும்போது, அதில் ஆளைக் குறித்து வரும் ‘கூலி’யைத் தொழிலாளி என்று மாற்றினால், எழுதியவனின் செருக்கு மறைந்து அவன் நல்லவனாகிவிடுவான். ஆவணத்தின் வாயில் அச்சொல்லை மேற்கோட் குறிக்குள் அப்படியே விட்டுவைத்தலே தக்கது. மாணவன் சொந்தமாக எழுதும் வாக்கியத்தில் ஆளைக் குறிக்கத் தொழிலாளி வரட்டும். பழைய சொல்தான் வேண்டுமெனில் கூலியாள் வரட்டும். கூலி என்பது அவர் மாலையில் கையேந்தாமல் வாங்கிச் சென்ற காசுக்கே இருக்கட்டும்.